மஞ்சள் விளக்கு எரிந்தால், பர்ஸைத் திறப்பதற்கு முன்

கார் வாங்கிய புதிதில் டேஷ்போர்டில் எரியும் ஒவ்வொரு விளக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் பதறிப்போய், முதலில் கண்ணில் படும் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு, கேட்ட பணத்தைக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் “வண்டி ஓடத்தானே செய்கிறது” என்று அந்த விளக்கோடு குடும்பம் நடத்தப் பழகிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் செலவு உண்டு. இரண்டாவதில் அது தாமதமாக வரும், வட்டியோடு வரும்.

இந்தக் கட்டுரையைப் படித்தால் காரைப் பழுதுபார்க்க வந்துவிடாது. பழுதுபார்ப்பதா, எப்போது, எவ்வளவுவரை செலவழிப்பது என்று முடிவெடுக்க மட்டும் இது உதவும். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம்: இதை இப்படியே விட்டால் வேறு எதையெல்லாம் கெடுக்கும்? எதையும் கெடுக்காத பழுது என்றால் சம்பளம் வரும்வரை பொறுக்கலாம். பக்கத்து உறுப்பையும் சேர்த்துக் காலி செய்யும் பழுது என்றால், தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் பில் ஏறுகிறது.

முதலில் சாவியைத் திருப்பிப் பாருங்கள்

என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பட்டன் வண்டியாக இருந்தால், கிளட்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் இரண்டு முறை அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் அது போதும். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருசேர எரியும். சில நொடிகளிலோ, என்ஜின் ஓடத் தொடங்கியதுமோ ஒவ்வொன்றாக அணையும். இது வண்டி தன் விளக்குகளைத் தானே சோதித்துக்கொள்ளும் நேரம். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அதுதான் விஷயம். எரியவேண்டிய விளக்கு இந்தச் சோதனையின்போது எரியவே இல்லை என்றால் அதுவும் விஷயம்தான். குறிப்பாகப் பழைய கார் வாங்கியிருந்தால். அதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

அடுத்து நிறம். சிவப்பு என்றால் இப்போதே ஓரங்கட்டு. மஞ்சள் என்றால் ஓட்டிக்கொண்டு போகலாம், ஆனால் காரணத்தைக் கண்டுபிடி. பச்சையும் நீலமும் தகவல். வெப்பமானி முள் இல்லாத சில சிறிய கார்களில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் ஒரு வெப்பமானிப் படம் எரியும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்பதுதான் அதன் பொருள். சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும். அதே படம் சிவப்பாக எரிந்தால் கதை தலைகீழ்.

காருடன் வந்த கையேட்டில் எல்லாப் படங்களுக்கும் விளக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்றே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையேடு எப்போதும் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். விளக்கு எரிவதோ திண்டிவனம் தாண்டி.

சிவப்பு: கணக்குப் போடும் நேரமல்ல

சிவப்பு விளக்கில் “பழுதுபார்ப்பதா வேண்டாமா” என்ற கேள்விக்கே இடமில்லை. வண்டியை எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் கேள்வி.

மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விழும் படம், ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டுவது. ஆயில் அளவு குறைந்தால்தான் இது எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவு சரியாக இருந்தும் ஆயில் பம்ப் பழுதானால், வடிகட்டி அடைத்துக்கொண்டால், இது எரியும். அழுத்தம் இல்லாமல் என்ஜின் ஓடினால் உள்ளே உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசும். உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். சமதளத்தில் சில நிமிடம் விட்டு, அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருந்தும் விளக்கு எரிகிறது என்றால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். அடுத்த சர்வீஸ் சென்டர் இரண்டு கிலோமீட்டர்தான் என்று ஓட்டிப் போகும் ஆசைதான் சில ஆயிரம் ரூபாய் வேலையை என்ஜினையே பிரிக்கும் வேலையாக மாற்றுகிறது.

வெப்பநிலை விளக்கும் அப்படியே. ஏசியை அணையுங்கள், ஓரங்கட்டுங்கள், என்ஜினை நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் திரவம் அழுத்தத்தில் இருப்பதால் மூடியைத் தளர்த்தியதும் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் மூடிப் பக்கம் போக வேண்டும். அவசரத்துக்குக் குடிநீர் ஊற்றி ஒர்க்ஷாப்வரை போகலாம், தவறில்லை. ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து குழாய்களை அடைக்கும். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் தரும் துருப் பாதுகாப்பும் போய்விடும். ஒருமுறை நன்றாகச் சூடேறிய என்ஜினில், சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விடலாம். ஒரு ரப்பர் குழாயின் கசிவு ‘ஹெட் வேலை’யாக மாறுவது இப்படித்தான்.

பேட்டரி படம் எரிந்தால் பேட்டரியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது ஆல்டர்னேட்டர். அது ஊட்டுவதை நிறுத்தியதைத்தான் இந்த விளக்கு சொல்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட்வரை இருக்க வேண்டும். 12 வோல்ட்டை ஒட்டி நின்று, அதுவும் இறங்கிக்கொண்டே போனால் ஊட்டம் இல்லை. பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் அடுத்த சில கிலோமீட்டரில் வெப்பநிலை விளக்கும் சேர்ந்துகொள்ளும்.

பிரேக் விளக்குக்கு முதல் வேலை, ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்கிப் பார்ப்பது. அப்போதும் அணையாவிட்டால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரேக் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். ஆயிலை ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும். பேட் தேய்ந்தது தேய்ந்ததுதான். முழுதாகத் தேய்ந்த பேட் டிஸ்க்கைக் கீறத் தொடங்கும். ஆகவே ஊற்றுவதற்கு முன் பேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதி இளகிப்போய் ஆழமாக இறங்குகிறது என்றால் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் சிக்கிக்கொண்டால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது. உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் வழித்துணை உதவி சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்து, அந்த எண்ணையும் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பலர் அதற்குப் பணம் கட்டியிருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

மழைக்காலத்துக்கு ஒரு விதிவிலக்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் பலவற்றுக்கு வெள்ளம் செய்த சேதத்தைவிட ஸ்டார்ட் செய்து பார்த்த கை செய்த சேதம் அதிகம். என்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது; பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பதற்காகக்கூடச் சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

மஞ்சள் என்ஜின் விளக்கு: கண் சிமிட்டுகிறதா?

புதியவர்களை அதிகம் குழப்புவது என்ஜின் வடிவத்தில் எரியும் மஞ்சள் விளக்கு. அது அப்படியே நின்று எரிகிறதா, விட்டுவிட்டுச் சிமிட்டுகிறதா என்று பாருங்கள்.

சிமிட்டினால் அது பெயரளவில்தான் மஞ்சள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள், வண்டியும் உதறும். எரியாத அந்தப் பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையின் நச்சைக் குறைக்க இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரியும். நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்ட பாகம் அது. அதன் விலை உலோகங்களின் விலை. ஒரு பிளக் போன குறைக்காக அதை உருகவிடக் கூடாது. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி மெதுவாகப் போங்கள்; சிமிட்டல் நிற்கவில்லை என்றால் ஓரங்கட்டிவிடுங்கள்.

நின்று எரிந்தால், வண்டி வழக்கம்போல் இழுக்கிறது, உதறவில்லை, புகையில்லை, வாடையில்லை என்றால் வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம். அன்று மாலையே சில விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்தபோது வேகம் என்ன? ஏற்றமா, சிக்னலா? என்ஜின் குளிர்ந்திருந்ததா? கடைசியாகப் பெட்ரோல் போட்டது எப்போது, எங்கே? இரண்டு மூன்று நாட்களுக்குள் வண்டியில் யாராவது கை வைத்தார்களா?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் நம் ஊரில் பல விளக்குகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. புதிய ஹாரன், எல்.இ.டி. விளக்கு, ரிவர்ஸ் கேமரா பொருத்தியவர் ஒயரை அறுத்து முறுக்கி டேப் சுற்றியிருப்பார். சீட் கவர் மாட்டியவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளரை (ஒயர் இணைப்பை) இழுத்துவிட்டிருப்பார். மறுநாள் ஏர்பேக் விளக்கு எரியும். (அந்தக் கப்ளரில் நீங்கள் கை வைக்காதீர்கள், மல்டிமீட்டரும் வைக்காதீர்கள். ஏர்பேக் வெடிமருந்தால் விரிவது.) வெளியில் சி.என்.ஜி. கிட் மாட்டிய பிறகு எரிபொருள் கலவை பற்றிய எச்சரிக்கை வருவதும் வழக்கம்தான். எலியை மறந்துவிடாதீர்கள். இரவில் சூடான பானெட்டுக்குள் குடியேறும் எலி ஒரு ஒயரைக் கடித்துவைத்தால், காரின் கம்ப்யூட்டருக்கு அது ‘சென்சார் பழுது’. புதிய சென்சார் வாங்கிப் போட்டாலும் எலி கடித்த ஒயர் அப்படியேதான் இருக்கும்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே டேங்க் ஆவிக் கசிவைக் கார் தானே சோதிக்க வேண்டும் என்பது விதி. நாம் பின்பற்றுவது ஐரோப்பிய வழி விதிகளை. மூடியை இறுக்கிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

மற்ற மஞ்சள் விளக்குகளை விரைவாகப் பார்த்துவிடலாம். ஏ.பி.எஸ். மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. மழைக்காலம் தொடங்குவதற்குள் பார்த்துவிடுங்கள். அதனுடன் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் சிவப்பு விதிதான். டயர் காற்று விளக்குக்குக் காற்று பிடித்தால் போதும். வாரம் ஒருமுறை அதே டயரில் வந்தால் பஞ்சர்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனி விளக்கு ஒன்று உண்டு. கரிப்புகையைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி நிறைந்தால் எரிவது அது. வீட்டிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து வீடு என்று மட்டும் ஓடும் வண்டியில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் பிடித்த கரியை எரிக்கும் அளவு சைலன்சர் சூடாவதே இல்லை. இதற்கு ஒர்க்ஷாப் வேண்டாம், சாலை வேண்டும். சென்னை வெளிவட்டச் சாலை போன்ற தடையில்லாத இடத்தில், 60 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், என்ஜின் சுழற்சி 2000-க்குக் கீழே இறங்காதபடி ஒரு கியர் குறைத்து, 15 - 20 நிமிடம் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். உங்கள் காருக்கான சரியான வேகம் கையேட்டில் இருக்கும். இந்த விளக்கை அலட்சியம் செய்தால் அடுத்து என்ஜின் விளக்கு எரியும், வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும், வடிகட்டியைக் கழற்றும் நிலை வரும். காசில்லாமல் முடிய வேண்டிய வேலைக்குப் பெரிய பில் வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பழுதுக் குறியீட்டைப் படியுங்கள்

என்ஜின் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைச் சேமித்து வைத்திருக்கும். ஒர்க்ஷாப்பில் அதைக் ‘கோடு’ (code) என்பார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில், 16 பின்கள் கொண்ட ஒரு துளை இருக்கும், அதுதான் ஓ.பி.டி. போர்ட். ப்ளூடூத் வழியாகக் கைபேசியுடன் இணையும் ஈ.எல்.எம்.327 வகைக் கருவி ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. இலவச செயலியே கோடைக் காட்டிவிடும். வாங்க விருப்பமில்லை என்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் சில நூறு ரூபாய்க்கு ஸ்கேன் செய்து தருவார். ஏ.பி.எஸ்., ஏர்பேக் கோடுகளை மலிவுக் கருவிகள் பெரும்பாலும் படிக்காது. அதற்குப் பெரிய ஸ்கேனர் வேண்டும்.

கோடைப் படம் எடுங்கள். கூடவே ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பக்கத்தையும். விளக்கு எரிந்த நொடியில் வேகம், என்ஜின் சுழற்சி, கூலன்ட் சூடு எல்லாம் எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். இந்த இரண்டு படங்களும் கைக்கு வரும்வரை ‘அழி’ பட்டனைத் தொடாதீர்கள். மெக்கானிக்கையும் தொடவிடாதீர்கள். அழித்தால் தடயமும் அழிந்துவிடும்.

கோடு உறுப்பின் பெயரைச் சொல்வதில்லை, அறிகுறியைச் சொல்கிறது. புதியவர்கள் பணம் இழப்பது இந்த இடத்தில்தான். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பொறி தரும் பிளக்கா, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலா, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா, உள்ளே வால்வா என்று அது சொல்வதில்லை. பி0171 என்றால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. கிழிந்த ரப்பர் குழாயாக இருக்கலாம், அழுக்கான காற்றளவு சென்சாராக இருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது சார், மாற்றிவிடலாமா?” என்று கேட்பவரிடம், “போனது சென்சார்தான் என்று எப்படித் தெரிந்தது?” என்று திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது. அவர் எப்படிச் சோதித்தார் என்று சொல்வார், சிலர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

நிரூபணம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

பி0302-க்கு மிக மலிவான சோதனை, காயிலை இடம் மாற்றுவது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள என்ஜின்களில் இது முடியும். என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டி, முதலாவதன் காயிலை இரண்டாவதில் மாட்ட வேண்டும். பொதுவாக ஒரு போல்ட், ஒரு கப்ளர், அவ்வளவுதான். கோடை அழித்துவிட்டு ஓட்டினால், பி0301 என்று வந்தால் குறை காயிலோடு போயிருக்கிறது, காயில்தான் பழுது. மறுபடியும் பி0302 என்றே வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்க்கலாம். எந்த உதிரிபாகமும் வாங்காமல் கிடைக்கும் சாட்சி இது. இதைச் செய்யாமல் “நான்கு காயிலையும் மாற்றிவிடலாம்” என்கிறவர் உங்கள் பணத்தில் சோதனை செய்கிறார்.

பி0420 இன்னும் விலையுயர்ந்த உதாரணம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சந்தேகிக்கிறது. சந்தேகம்தான், தீர்ப்பல்ல. புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்க, கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது, பழைய வகையானால், 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வர்ட்டர் நலமாக இருந்தால் பின்னால் இருப்பது ஏறத்தாழ அசையாமல் நிற்கும். ஸ்கேனரின் வரைபடத்தில் பின்சென்சாரும் முன்சென்சாரைப் போலவே குதிக்கிறது என்றால் கன்வர்ட்டர் தளர்ந்துவிட்டது என்று ஓரளவு நம்பலாம். அதற்கு முன் சைலன்சர் இணைப்பில் புகைக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஓட்டை வழியே நுழையும் காற்று பின்சென்சாரை ஏமாற்றும். கேஸ்கெட் மாற்றி முடிய வேண்டிய வேலைக்குக் கன்வர்ட்டர் வாங்கியவர்கள் உண்டு. உண்மையிலேயே கன்வர்ட்டர்தான் என்றாலும் அது ஏன் போனது என்று கேளுங்கள். ஆயில் குடிக்கும் என்ஜினிலும், எரிதல் தவறும் என்ஜினிலும் புதியதைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும்.

பொறுக்கலாமா?

இப்போது நம் கேள்வி. எரிதல் தவறுதல் கன்வர்ட்டரைக் கெடுக்கும்: உடனே பார். காற்று அதிகமான கலவை, நாளடைவில் என்ஜினுக்கே சூடு வைக்கும்: சில நாட்களுக்குள் பார். என்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் கோடு (பி0335) எந்த உறுப்பையும் கெடுக்காது, ஆனால் மேம்பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிடும். குடும்பத்தோடு பயணம் போகும் வண்டியில் அதைப் பொறுக்க நான் சம்மதிக்க மாட்டேன். கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டால் (பி0128) எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். மாதக் கடைசி என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம். பின் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் போயிருந்தாலும் அப்படியே. பி0420, ஓட்டத்தில் குறையில்லாமல், ஆயில் குடிக்காமல் இருந்தால், உங்கள் காரைப் பொறுத்தவரை அவசரமில்லை. வெளியே போகும் புகையைப் பொறுத்தவரை அவசரம்தான். அதைக் காலவரையின்றித் தள்ளிப்போடுவது நியாயமில்லை.

பொறுக்க முடிவெடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே எரியும் விளக்கு, இரண்டாவது பழுது வரும்போது புதிதாக எரிய முடியாது. மாதம் இருமுறையாவது ஸ்கேனரை மாட்டி, புதிய கோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி விளக்கை மறைக்கும் வைத்தியம் வேண்டாம்.

எங்கே கொடுப்பது, என்ன கேட்பது

வாரண்டி காலம் முடியவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். வாரண்டி அட்டையின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். மாசுக்கட்டுப்பாட்டு உதிரிபாகங்களுக்குத் தனி வாரண்டி தரும் கம்பெனிகள் இருக்கின்றன. வெளியே யாரையாவது விட்டு ஒயரை வெட்டிய பிறகு போனால் அந்த உரிமை கைநழுவும்.

வாரண்டி முடிந்த காருக்கு நான் பரிந்துரைக்கும் வழி: சோதனையை ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்துகொண்டு, வேலையை எங்கே கொடுப்பது என்பதைப் பிறகு முடிவு செய்வது. “ஸ்கேன் இலவசம்” என்கிற இடத்தில் அந்தச் செலவு வேறொரு வரியில் ஏறியிருக்கும். மின் பழுதுகளுக்குப் பெரிய ஒர்க்ஷாப்பைவிட அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் பல நேரம் மேல்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். உதிரிபாகம் தனி, கூலி தனி. கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உதிரிபாகம் கம்பெனிப் பெட்டியில் வருவதா, அதைத் தயாரிக்கும் பாஷ், டென்சோ, என்.ஜி.கே. போன்றவர்களின் சொந்தப் பெட்டியில் வருவதா, பெயரில்லாத உள்ளூர்ச் சரக்கா என்று கேளுங்கள். இரண்டாவது பல நேரம் முதலாவதின் அதே பொருள், விலை குறைவு. சென்னையில் ஜி.பி. ரோட்டில் பில்லோடு வாங்கலாம். புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் கிடைக்கும்: கதவு, கண்ணாடி, பம்பருக்கு நல்ல இடம், சென்சாருக்கு அங்கே போக மாட்டேன். மின்னணுப் பாகத்தை உறை பிரித்த பிறகு எந்தக் கடையும் எளிதில் திரும்ப எடுக்காது. வாங்குவதற்கு முன் நிரூபணம் கேட்பதற்கு இதுவும் காரணம்.

கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம், மாற்றாததை மாற்றியதாக எழுதும் கையைத் தயங்க வைக்கும்.

பழைய காரின் கணக்கு

மதிப்பீடு பெரியதாக வந்தால், “காரே இரண்டு லட்சம் போகாது, இதற்கு நாற்பதாயிரமா” என்ற பேச்சு வீட்டில் எழும். காரின் விலையோடு பழுதுச் செலவை ஒப்பிடுவது தவறான கணக்கு. பழுதுபார்த்தால் என்ன விலைக்குப் போகும், விளக்கு எரிந்தபடியே விற்றால் என்ன விலைக்குப் போகும்: இவற்றின் வித்தியாசத்தோடுதான் ஒப்பிட வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு. நல்ல நிலையில் 1,80,000 போகும் கார். பழுதுச் செலவு 28,000. விளக்கு எரியும் காருக்குத் தரகர் 1,30,000-தான் தருவேன் என்கிறார். வித்தியாசம் 50,000. விற்பதாக இருந்தாலும் பழுதுபார்த்துவிட்டு விற்பது 22,000 லாபம். அதே தரகர் 1,60,000 தருகிறார் என்றால் அப்படியே விற்றுவிடலாம், விளக்கை மறைக்காமல் சொல்லிவிட்டு.

வைத்துக்கொள்வதாக இருந்தால் அடுத்த ஓராண்டின் செலவைக் கூட்டுங்கள். டயர் தேய்ந்திருக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா, அடித்தட்டில் துரு இருக்கிறதா? தனிநபர் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பதினான்காவது ஆண்டில் நிற்கும், அடித்தட்டு அரித்த காருக்குப் புதிய கன்வர்ட்டர் போடுவதற்கு முன் நிச்சயம் ஒரு வாரம் யோசிக்கலாம். என்ஜினும் உடலும் திடமாக இருக்கும் பத்து வயதுக் காருக்கு அதே செலவைத் தயங்காமல் செய்வேன். அந்த விலைக்கு அதைவிட நல்ல கார் சந்தையில் கிடைக்காது.

வேலை முடிந்த பிறகு

விளக்கு அணைந்துவிட்டது என்பது பழுது சரியானதற்குச் சாட்சியல்ல. ஸ்கேனரால் அழித்தாலும், பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் அது அணையும். பல பழுதுகளில் கம்ப்யூட்டர் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் குறையைக் கண்ட பிறகே விளக்கை எரிக்கும். ஆகவே ஒர்க்ஷாப் வாசலில் அணைந்திருந்த விளக்கு, இரண்டு நாள் கழித்து மீண்டும் எரியலாம். ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தைத் திறங்கள். கோடை அழித்ததும் சுயசோதனைகளில் பல ‘முடியவில்லை’ என்று நிற்கும். சில நாட்கள் நகரிலும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டினால் ஒவ்வொன்றாக முடியும். எல்லாம் முடிந்து, கோடும் இல்லை என்றால் வேலை சரி. வேலைக்கு உத்தரவாதம் எத்தனை நாள் என்று முன்பே கேட்டு பில்லில் எழுதி வாங்கியிருந்தால், விளக்கு திரும்ப வந்தால் பேச வசதியாக இருக்கும். பில் இருந்தும் பேச்சு எடுபடவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே பக்கம்தான் ஆயுதம். டேஷ்போர்டு சுத்தமாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். சாவியை ‘ஆன்’ செய்ததும் என்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ உள்ளே கை வைத்திருக்கலாம். பிறகு ஸ்கேனரை மாட்டி, ‘கோடு அழித்த பின் ஓடிய தூரம்’ என்ற எண்ணைப் பாருங்கள்; பல கார்கள் அதைக் காட்டும். அது 12 கிலோமீட்டர் என்று இருந்து, சுயசோதனைகளும் முடியாமல் நின்றால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ விளக்கை அணைத்திருக்கிறார்கள். சண்டை வேண்டாம். “நான்கு நாள் நீங்களே ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.